கடற்கரை வீட்டில் மேப்பிள் கியூ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. ஒரு மாதத்துக்குச் சமையலறைப் புகை படாமல் பார்த்துக்கொள்.

கோயம்புத்தூரிலிருந்து திருவான்மியூருக்கு, அதுவும் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, நீ குடிபோனதும் பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தடிக்கும் உன் மரக்கோல், அதாவது கியூ, என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். கார்த்திகை மழைக்குள்ளேயே ‘உருட்டினால் டிப் (பந்தைத் தொடும் முனை) ஆடுகிறது’ என்று எழுதிவிட்டாய். பதறாதே, வளைந்தது எது என்று முதலில் உறுதி செய்.

கியூவின் இரண்டு துண்டுகளையும், அதாவது டிப் உள்ள முன்பகுதியான ஷாஃப்ட்டையும் பின்பகுதியையும், பூட்டியபடி உருட்டிப் பார்த்து முடிவு கட்டாதே. அவை சேரும் ஜாயிண்ட் முகத்தில், டிப்பில் தேய்க்கும் சாக் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் டிப் ஆடும். இரண்டு முகங்களையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஷாஃப்ட்டையும் பின்பகுதியையும் தனித்தனியாக உருட்டு. மேசைத் துணி மேல் வேண்டாம். சமையலறை கிரானைட் மேடையோ 8 மி.மீ. கண்ணாடித் துண்டோ போதும். ஷாஃப்ட் ஒரே சீராக மெலிவதில்லை, அதனால் அடியில் இடைவெளி தெரிவது இயல்பு. உருளும்போது அந்த இடைவெளி கூடிக் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். இடைவெளி மிக அதிகமாக இருக்கும்போது எத்தனை தாள் நுழைகிறது, மிகக் குறைவாக இருக்கும்போது எத்தனை என்று எண்ணி, வித்தியாசத்தைத் தேதியோடு குறித்து வை. இரண்டும் தனியாக நேராக உருண்டு, பூட்டினால் மட்டும் ஆடினால் கோளாறு ஜாயிண்டில். மரத்தைக் குறை சொல்லாதே.

மரம் வளைவதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை, ஈரம் ஒரு பக்கமாக ஏறுவதுதான் காரணம். ஏசி அறையில் காற்றின் ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் மரத்துக்குள் சுமார் 10 சதவீதம் நீர் நிற்கும். மழைக்காலத்தில் 85 சதவீதக் காற்றில் விட்டுவைத்தால் அது 17, 18-க்குப் போகும். மேப்பிள் மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது குறுக்கே 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும், நீளவாக்கில் 0.1, 0.2 சதவீதம்தான். இந்தச் சின்ன நீளம்தான் வம்பு. 74 செ.மீ. ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 0.1 மி.மீ. நீண்டாலே நடுவில் அரை மி.மீ. வளைவு விழும். ஷாஃப்ட் முழுக்கச் சீராக ஈரம் ஏறினால் கனம் கூடும், கை வழுக்காது, ஆனால் பெரும்பாலும் நேராகவே நிற்கும்.

அதனால்தான் சுவரில் சாய்த்து வைக்காதே என்கிறேன். மழை பட்ட வெளிச்சுவர் ஒரு பக்கத்துக்கு ஈரம் தரும்; அதற்குள் தன் எடையாலேயே மரம் மெல்லத் தொய்யும். ஈரம் ஏறி இறங்கும் சமயத்தில் சுமை தாங்கும் மரம், காய்ந்த மரத்தைவிட அதிகமாக வளைந்து அப்படியே நிலைத்துவிடும். படுக்கை வசமாக முழு நீளமும் தாங்கும்படி வை, இல்லையென்றால் செங்குத்தாகத் தொங்கவிடு. உள்ளறை மர அலமாரி நல்ல இடம். உள்ளே துணிகள் இருந்தால் ஈரம் சட்டென்று மாறாது. ஏசி காற்று நேராகப் படும் இடமும் கார் டிக்கியும் கூடாது. வெயிலில் நிற்கும் கார் சூட்டில் மரம் காய்ந்து பிளவுபடும், பசையும் இளகும்.

ஆடும் கூடத்தில் 55 சதவீதம் என்றால் பெட்டிக்குள்ளும் அதையே வைக்கப் பார். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கு, ஆனால் அது காட்டுவதை அப்படியே நம்பாதே. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டு நீர் விட்டுக் கூழாக்கி, மீட்டரோடு ஜிப் பைக்குள் ஓர் இரவு மூடி வை. காலையில் 75 காட்ட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொள். பெட்டிக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராம் போதும். அதிகம் போட்டால் மரம் அளவுக்கு மேல் காய்ந்து ஜாயிண்ட் பக்கம் வெடிப்பு வரும். மணிகளின் ஆரஞ்சு நிறம் பச்சையானதும் 110 டிகிரி மின் ஓவனில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும். கிட்டார் பெட்டியில் வைக்கிற 49 சதவீதப் பை இன்னும் நல்லது, ஈரத்தை வாங்கவும் செய்யும், தரவும் செய்யும், விலைதான் கூட.

ஏசி கூடத்திலிருந்து வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்காதே. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது போல ஷாஃப்ட்டிலும் படியும். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

இனி பூச்சு. ஆளி விதை எண்ணெய் வியர்வையைக் கொஞ்சம் தடுக்கும், காற்றிலுள்ள ஈரத்தை ஏறக்குறையத் தடுக்காது. ஆஷ் மர ஸ்னூக்கர் கியூவுக்கு அது பழக்கம். உன் மேப்பிளுக்கு அரக்குப் பாலிஷ்தான் சரி. மெழுகு நீக்கிய அரக்கு 12 கிராம், 100 மி.லி. ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறட்டும். ஷாஃப்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிட்டு, அரை மணி இடைவெளியில் மூன்று மெல்லிய கை பூசு. மழை நாளில் பூசாதே: ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் பூச்சுக்குள் சிக்கிப் பால் போல் வெளுக்கும். மறுநாள் கார்னாபா மெழுகு தேய்த்துத் தோல் துண்டால் பளபளப்பாக்கு. அதன் பிறகு ஆல்கஹால் தொடவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும்.

ஈரம் வேகமாக நுழைவது மரத்தின் நுனிகள் வழியாகத்தான். ஜாயிண்ட் முகத்து மர வளையத்தில் பஞ்சுக் குச்சியால் அரக்கு தடவு, மரை நனையக் கூடாது. பின்முனை ரப்பரைக் கழற்றிப் பார். உள்ளே மரம் பூச்சின்றி வெறுமையாக இருக்கலாம், அங்கேயும் தடவு. டிப் மாற்றும்போது மேலே தெரியும் மரத்தில் ஒரு சொட்டு நீர்த்த சூப்பர் குளூ.

ஏற்கெனவே விழுந்த வளைவை அடுப்பில் காட்டியோ எடை தொங்கவிட்டோ நிமிர்த்தாதே, திரும்பி வந்துவிடும். 50, 55 சதவீதத்தில் நான்கு வாரம் படுக்க வை, வாராவாரம் தாள் எண்ணு. அரக்குப் பூச்சு அதற்கு அப்புறம்தான். முதலிலேயே பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் அது ஈரத்தின் வளைவு. அசையாமல் நின்றால் மரத்தின் ரேகையைப் பார்: ஜாயிண்டிலிருந்து டிப் வரை ஓடாமல் நடுவிலேயே பக்கவாட்டில் வழிந்து மறைகிறதென்றால் அந்த ஷாஃப்ட் மாறாது. புதிது வாங்கும்போது பல துண்டு ஒட்டிய ஷாஃப்ட் வாங்கு. கார்பன் ஷாஃப்ட் வளையாது என்பது உண்மைதான், பின்பகுதி அப்போதும் மரம்தான்.

1875-இல் ஜபல்பூரில் பிறந்து ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட விளையாட்டு ஸ்னூக்கர். நம் மழையில் கியூ காப்பது அவ்வளவு பழைய வேலை.

தாள் கணக்கை எழுதி அனுப்பு. ஐந்து தாளுக்குள் இருந்தால் அதே கியூவில் ஆடிக்கொண்டே பார்க்கலாம்.

அன்புடன்,
முரளி