உசிலை விதை கொண்டு வா மாப்ள

மாப்ள, நல்லா இருக்கியா, அத்தைக்கு முட்டிவலி இப்ப தேவலையா?

போன வருசம் கண்மாய்க் கரையில நானூறு உசிலங்கன்னு வச்சோம்னு சொன்னேன்ல, பாதிக்கு மேல போயிருச்சுடா. மிச்சமும் நோஞ்சானா நிக்குது. மொதல்ல வெயில்தான்னு நெனச்சேன், ஆனா உசிலம்பட்டிக்கே அந்த மரத்தோட பேர வச்சுருக்காக, நம்ம ஊரு வெயிலுக்கா உசிலை சாகும்? யோசிக்க யோசிக்க தப்பு என் மேலன்னுதான் படுது. அம்புட்டு விதையும் அய்யனார் கோயில் பக்கத்துல தனியா நிக்கிற ஒத்த மரத்துல எடுத்தது, நம்ம அப்பத்தா அரப்புக்கு எல உருவுமே அதே மரம். சுத்துப்பட்டுல வேற உசிலையே கெடையாது, தேனீ அந்த மரத்துப் பூவையேதான் சுத்திச் சுத்தி வருது, தன் மகரந்தமே தனக்குச் சேந்தா பொறக்குறதுல பாதி சீக்குதான? தப்பிச்சதும் எல்லாம் ஒரு தாய் புள்ளைக, ஒரு நோய் வந்தா மொத்தமாப் போயிரும்.

இப்ப படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், குறைஞ்சது 25 தாய் மரத்துலயாவது விதை எடுக்கணுமாம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 50லருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கணும், பக்கத்துப் பக்கத்து மரம் பெரும்பாலும் சொந்தக்காரங்கதான். பாறை இடுக்குல நிக்கிற மரத்துக்கு ஒரு குணம், செவக்காட்டு மரத்துக்கு ஒரு குணம், எந்தப் பஞ்சத்துக்கு எது தாங்கும்னு யாரு கண்டா, எல்லாம் கலந்து இருந்தாத்தான் ஏதாவது ஒண்ணு நிக்கும்.

2022ல மேலூர்ப் பக்கம் மலையோட இருக்கிற அரிட்டாபட்டிய பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சப்ப எம்புட்டு சந்தோசப்பட்டோம். ஆனா அந்த மலைக்கும் நாகமலைக்கும் அழகர்மலைக்கும் நடுவுல இருந்த காட்டு மரத்தையெல்லாம் வெட்டிட்டோமேடா, பாதி எடத்துல சீமைக்கருவேலந்தான் நிக்குது, ஒரு மலை மரத்தோட மகரந்தம் இன்னொரு மலைக்கு எப்புடிப் போகும்? அத நெனச்சாத்தான் எனக்கு ஆத்தமாட்டாம இருக்கு.

பொங்கலுக்கு பேரையூர் வர்றேல்ல, உங்க ஊரு ஆடு மேய்க்கிற பெரியப்பாகிட்ட கேட்டா எந்தக் கரட்டுல உசிலை நிக்குதுன்னு சொல்லிருவாரு. காய் தட்டையா பேப்பர் மாதிரி பழுப்பாக் காஞ்சு தொங்கும், உள்ள ஆறேழு விதை இருக்கும், பொத்தல் விழுந்தத எடுக்காத, அது வண்டு தின்னது. ஒரு மரத்துலயே மொத்தமா உருவிறாத, பறவைக்கும் மண்ணுக்கும் விடு. மரத்துக்கு மரம் தனித்தனிக் கவர்ல போட்டு எந்த எடம்னு மேல எழுதிரு, கலக்குறத நான் பாத்துக்கிறேன். பத்து மரம் கெடச்சாலும் போதும், மிச்சத்துக்கு நான் வாடிப்பட்டிப் பக்கம் போறேன்.