காளவாசல் சண்டையும் என் சாட்சியும்

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே, எல்லாம் இந்த ஆக்சிடென்ட் விவகாரத்தால்தான். "உனக்கு எதுக்குடா வம்பு" என்று எழுதியிருக்கிறாய். வீட்டிலும் தினம் இதே பாட்டுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். காளவாசல் பாலத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காரும் பைக்கும் தூரத்திலிருந்தே மல்லுக்கட்டிக்கொண்டு வந்தன. கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பைக்கில் வந்த பையன் வேண்டுமென்றே முன்னால் போய்ப் போய் வேகத்தைக் குறைத்தான். சிக்னலில் இறங்கி வந்து ஏதோ கத்திவிட்டு, காரின் சைடு மிரரைப் படாரென்று மடக்கிவிட்டுப் போனான். பச்சை விழுந்தது. நான் காசு கொடுக்கத் திரும்பினேன். டமார்! பார்த்தால் பைக் கீழே கிடக்கிறது, பையன் டிவைடர் ஓரத்தில், கார் கோணலாக நிற்கிறது.

கார்க்காரர் வேண்டுமென்றே இடித்தாரா, பையன் குறுக்கே வெட்டினானா? கேஸே இதுதான். அந்த ஒரு நொடியை நான் பார்க்கவில்லை. கடையில் நின்ற முக்கால்வாசிப் பேரும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்கள். டீ மாஸ்டர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாய்லரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் "என் கண்ணால பார்த்தேன் சார், ஏத்திட்டான்" என்கிறார்!

அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்று இரண்டு பேர் 1974-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, சிலரிடம் "இடித்தபோது என்ன வேகம்" என்றும், சிலரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, முதல் வகையில் 50 பேரில் 7 பேரும் இரண்டாம் வகையில் 50 பேரில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. இங்கே ஓடி வந்தவர்கள் எல்லாரும் "தூக்கி அடிச்சுட்டானாமே?" என்றுதான் ஆரம்பித்தார்கள். மாஸ்டர் என்ன செய்வார், பாவம்.

இரண்டு தரப்பும் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பையனின் மாமா, கார் ஏறியதைப் பார்த்ததாக ஒரு வரி சொன்னால் போதும் என்றார். கார்க்காரர் தரப்பில் ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து, பையன் தள்ளாடியதைக் கவனித்திருப்பீர்களே என்றார். ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்தனுப்பியதில் உன் தங்கச்சிக்குத்தான் வருத்தம்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதியதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "கார் மோதியதைப் பார்த்தேன்" என்று இருந்தது. "சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்" என்று மாற்றச் சொன்னேன். ரைட்டர் முகத்தைச் சுளித்தாலும் மாற்றிவிட்டார். கையெழுத்து வாங்கவில்லையே என்று வக்கீல் மச்சினனிடம் கேட்டேன். போலீசிடம் சொல்கிற வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டமாம். நாளைக்கு நான் கோர்ட்டில் மாற்றிப் பேசினால், "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே" என்று மடக்குவதற்கு அது பயன்படுமாம்.

அடிபட்டவனைத் தூக்கிவிட்டவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் கீழ் வந்த விதிகளில் இருக்கிறது. ஆட்டோவில் அவனை ஏற்றியவர்களில் நானும் ஒருவன், அதனால் நழுவ வழி இருந்தது. ஆனால் நழுவினால் மாஸ்டர் சொல்வதுதான் மிச்சம். மிரரை மடக்கியதும் ஹாரன் அடித்ததும் கோர்ட்டுக்கு வர வேண்டாமா?

எப்போது கூப்பிடுவார்களோ! பாட்டியாலாவில் கிரிக்கெட் வீரர் சித்துவின் சாலைத் தகராறு 1988-ல் நடந்தது, சுப்ரீம் கோர்ட் ஓராண்டு சிறை விதித்தது 2022-ல். அதனால் அன்று ராத்திரியே எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்துவிட்டேன். பக்கத்து மெடிக்கல் ஷாப் கேமராவில் பாலத்துத் தூண்தான் தெரிகிறதாம்.

பையனுக்குக் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். மச்சினன் கூடவே கூடாது என்கிறான். நீ என்ன சொல்கிறாய்? அப்புறம், சர்க்கரைக்கு மாத்திரை மாற்றினார்களே, ஒத்துக்கொள்கிறதா?

அன்புடன்,
ராமநாதன்