தொட்டிக்கரிக்கு இன்னொரு வேலை இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை வைத்து ஓடும் சோடியம் பேட்டரி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான், ஆனால் அந்த பேட்டரியின் மைனஸ் பக்கத்துக்கு, அதாவது ஆனோடுக்கு, ஏற்ற கரியைச் செய்வதற்கான தேங்காய்த் தொட்டி காங்கேயத்திலும் பொள்ளாச்சியிலும் மலை மலையாகக் கிடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லையே!

லித்தியம் பேட்டரியின் ஆனோடுக்கு கிராஃபைட், அதாவது பென்சில் முனையில் இருக்கும் அடுக்கடுக்கான கரி, போதும். அதைப் பக்குவம் செய்யும் தொழில் பெரும்பாலும் சீனாவிடம் இருக்கிறது, 2023 டிசம்பரில் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் போட்டுவிட்டார்கள். சோடியமோ கிராஃபைட் அடுக்குக்குள் சரியாகப் போய்த் தங்காது. அதற்கு வேண்டியது ஹார்டு கார்பன், அடுக்குகள் தாறுமாறாகக் கிடந்து, நானோ அளவுப் பொந்துகள் உள்ளுக்குள் மூடியிருக்கிற கரி. தொட்டியைக் காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சுட்டால் அது கிடைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஆலைகளில் நீராவி விட்டுச் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனை அப்படியே பேட்டரியில் போட முடியாது. அதில் துளையெல்லாம் திறந்து கிடக்கும். தண்ணீர் வடிகட்ட, தங்கம் பிரிக்க, மின்சாரத்தைச் சட்டென ஏற்றி இறக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் செய்ய அது அருமை, ஆனால் பேட்டரிக்குள் போனால் முதல் சார்ஜிலேயே சோடியத்தில் பெரும்பங்கை விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. ஆகவே நீராவியை விட்டுவிட்டு, தொட்டியில் இயல்பாகவே உள்ள பொட்டாசியம் சாம்பலை அமிலத்தில் கழுவி எடுத்து, இன்னும் அதிகச் சூட்டில் சுட வேண்டும். கோயம்புத்தூரில் உலை போடத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பாரதியார் பல்கலைக்கழகத்தில் நானோ துறை இருக்கிறது, காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகமே இருக்கிறது. இவர்களையும் கரி ஆலைக்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆள்தான் இல்லை.

அப்புறம், இதைச் சாக்காக வைத்து இன்னும் நாலு குழி தோண்டிவிடக் கூடாது. குழியில் தொட்டியைச் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைத்து அணைத்தே எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிப்போய், மாடுகூட வாய் வைக்காத தோட்டங்கள் இருக்கின்றன. மூடிய உலையில் சுட்டால் புகையையே எரிபொருளாக்கலாம், கரியும் ஒரே தரத்தில் வரும், பேட்டரிக்கு அந்தத் தரம் கட்டாயம் வேண்டும். அரசு மானியம் கொடுப்பதானால் மூடிய உலைக்கு மட்டும் கொடுக்கட்டும், கூடவே கரியைச் சின்ன பேட்டரி செல்லில் போட்டுச் சோதித்துத் தர காங்கேயத்தில் ஒரு பொது ஆய்வுக்கூடமும் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
வெள்ளகோவில்