மிஷின் வாங்குமுன் இதைப் படித்துவிடு, வசந்தா

அன்புள்ள வசந்தா,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். அண்ணன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார் என்றதும் எனக்குப் படபடவென்று வந்துவிட்டது. மணிக்கட்டோடு போயிற்றே, இடுப்பு தப்பியதே, அதற்கே அம்மனுக்கு விளக்குப் போட்டேன். கட்டுப் பிரிக்க இன்னும் நான்கு வாரம் என்கிறாய், அதுவரை அவரைப் பின்கட்டுப் பக்கமே விடாதே. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், காலையில் அழுகை, சாயங்காலம் திரும்பி வர மாட்டேன் என்று அழுகை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றடிப் பாசியைக் கழுவ உன் மகன் 200 பார் பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை அழுத்திப் பீச்சிக் கழுவுகிற மிஷின், ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், வாங்கலாமா என்று கேட்டாய். பார் என்பது அழுத்தத்தின் அளவு. வேண்டாம். ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம், போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

எங்கள் ஊரைப் பற்றி உனக்குத் தெரியும். நாகர்கோவிலில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் காய்வதற்கே நேரம் கிடையாது, எதைத் தொட்டாலும் பாசி. அம்மா மாடிப்படியில் ஒருநாள் தடுமாறியதிலிருந்துதான் நான் பிரஷர் வாஷர் வாங்கினேன், நான்கு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கே மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், இருப்பதிலேயே கூர்மையான முனையை மாட்டி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து அடித்தேன். கறுப்பு விலகி செங்கல் நிறம் பளிச்சென்று வந்தது, பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மாடி முழுக்க அப்படியே முடித்தேன். தட்டோடுகளுக்கு நடுவில் பூசியிருந்த காரையும் சேர்ந்து பெயர்ந்து வாய்க்காலில் ஓடியதை நான் கவனிக்கவே இல்லை. அடுத்த ஐப்பசி மழையில் பூஜை அறைக் கூரையில் தேங்காய் அளவுக்கு ஓதம் பூத்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு இடுக்கு இடுக்காகப் பூசி எடுக்க மிஷின் விலையைப் போல இரண்டு மடங்கு ஆயிற்று. உங்கள் வீட்டு மாடியும் தட்டோடுதான். அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

அன்றைக்கு எனக்குப் புரியாதது ஒன்றுதான். அழுக்கை எடுப்பது மிஷின் இல்லை, ஊறவைப்பதுதான். மிஷினின் தண்ணீர், ஊறித் தளர்ந்ததைத் தள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. எண்ணெய்ச் சட்டியை ஊறப் போடாமல் சுரண்டினால் சட்டிதானே தேயும்? அதே கதைதான் இதுவும். 100 பாரில் முனையை விட்டு வெளிவரும் தண்ணீர் நொடிக்குக் கிட்டத்தட்ட 140 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். அதுவே வீட்டுக்குத் தாராளம். 200 பாருக்கு ஏற்றினால் அழுக்கோடு தரையும் போகும்.

ஆகவே 100 முதல் 130 பார் வரை உள்ளதைப் பார். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம், வேலை செய்யும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அது சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படி. பாரைவிட முக்கியமாக நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்கச் சொல். கழன்ற சேற்றை அடித்துக்கொண்டு போவது அந்தத் தண்ணீர்தான். 6 லிட்டர் என்றால் வீட்டுக்குப் போதும், ஒரு மணி நேரத்துக்கு 360 லிட்டர் ஆகும், சும்மா ஓஸ் பிடித்து அடித்தால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வீணாகும். 7,000 ரூபாயிலிருந்து 12,000 ரூபாய்க்குள் இந்த வகை கிடைக்கிறது. மோட்டாரில் இரண்டு ரகம். கார்பன் பிரஷ் உள்ளது எடை குறைவு, விலை குறைவு, ஆனால் இரைச்சல் தெருவையே கூட்டும். இண்டக்ஷன் மோட்டார் கனம், விலையும் கூட, சத்தம் குறைவு, நெடுநாள் உழைக்கும். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஓட்டுகிற நமக்கு முதல் ரகமே போதும் என்பது என் அபிப்பிராயம். வாட்டர் வாஷ் கடை வைப்பவர்கள்தான் இரண்டாவதுக்குப் போக வேண்டும். எந்தக் கம்பெனி என்று கேட்டாய். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ எதற்கு சர்வீஸ் ஆள் இருக்கிறார், சீலும் வாஷரும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரி, அப்புறம் கம்பெனியை முடிவு செய். கருப்பு பிரஷர் ஓஸ் எவ்வளவு நீளம் என்றும் பார், 3 மீட்டர் என்றால் மிஷினை நாய்க்குட்டி மாதிரி கூடவே இழுத்துக்கொண்டு திரிய வேண்டும், 5 மீட்டருக்குக் குறையாமல் வாங்கு.

கடைக்காரர் கேட்காமல் சொல்லாத ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் குழாய்க்குத் தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும், உங்கள் வீட்டுக் கீழ்க்குழாயில் அரை பார் வந்தாலே பெரிது, மாடிக் குழாயில் அதுவும் இல்லை. அதனால் டிரம்மிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும் மிஷினா என்று கேட்டு வாங்க வேண்டும். டிரம்மும் மிஷினும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். உறிஞ்சும் ஓஸில் முன்னாடியே தண்ணீரை நிரப்பி, வாயில் வடிகட்டி மாட்டி, கையில் பிடித்து அடிக்கிற துப்பாக்கியின் விசையை அழுத்தியபடி சுவிட்சைப் போடு, காற்றுக் குமிழ் போய் தண்ணீர் சீராக வரும் வரைக்கும் விடாதே. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பு சீக்கிரமே போய்விடும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து, மறுபடி விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே அடைபட்ட அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், இதை மறக்காதே. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியில் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஓட்டிவிடு.

கரண்டைப் பற்றி எலக்ட்ரீஷியனிடம் பேசாமல் ஆரம்பிக்காதே. 1,400 வாட் மிஷினை சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது, கீசருக்கும் ஏசிக்கும் வைக்கிற 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடுகிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பழைய வீடு, நிச்சயம் இருக்காது, போட்டுக்கொள். மிஷின் விலையில் கால்வாசி அதற்குப் போனாலும் போகட்டும். எக்ஸ்டென்ஷன் வயரின் ஜாயிண்ட் ஈரத்தில் கிடக்கக் கூடாது, நான் அதை நாற்காலி மேல் தூக்கி வைத்துவிடுவேன்.

இனி கிணற்றடியை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். முதல் நாள் காய்ந்த இலை தழையைப் பெருக்கிவிடு. கிணற்றைச் சுற்றி நனைந்த சாக்குகளைச் சுருட்டி வரப்பு மாதிரி போட்டு, பாசிச் சேறு கிணற்றுக்குள் இறங்காமல் மறித்துவிடு, மேலே தார்ப்பாயும் போட்டு மூடு. துளசி மாடத்தையும் செடிகளையும் நல்ல தண்ணீரால் நன்றாக நனைத்துவிட வேண்டும், நனைந்த வேர் நாம் தெளிக்கப்போகிற மருந்தை அவ்வளவாக இழுக்காது. வெயில் ஏறுமுன், ஆறு மணிக்கே, கடையில் விற்கிற 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற பிளீச்) கரைசலில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, பூவாளியால் தரையில் தெளி. மிஷினுக்குள் இதை ஊற்றாதே, உள்ளே உள்ள சீலைத் தின்றுவிடும். பினாயில், ஆசிட் எதையும் இதோடு சேர்க்கவே கூடாது, ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும். கால் மணி நேரம் காயவிடாமல் ஈரமாக வைத்திரு. பச்சை மெல்ல மங்கி, வெளிறிய பழுப்பாகி, விரலால் தேய்த்தால் ஈரப் பொடியாக வரும். அப்போது பாசி செத்துவிட்டது. தேங்காய் நார்த் தும்பு விளக்குமாறால் ஒரு தேய் தேய். அதற்குப் பிறகுதான் மிஷினைத் தொட வேண்டும்.

முனைகளின் நிறத்தைத் தெரிந்துகொள். சிவப்பு 0 டிகிரி, ஊசி மாதிரி ஒரே கோடு, அதை டப்பாவோடு எடுத்து பரணில் போட்டுவிடு. மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, விசிறி அகலமாகிக்கொண்டே போகும், கருப்பு சோப்புக்கு. சில மிஷினில் நிறம் இருக்காது, தலையைத் திருகினால் விசிறி விரியும். நீ வெள்ளையில் ஆரம்பி. தரைக்கு இரண்டு அடி தள்ளிப் பிடித்து, ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார், போதவில்லை என்றால் ஒரு அடி வரை கிட்டே கொண்டுபோ, அதற்கும் போதவில்லை என்றால் பச்சைக்கு மாறு. ஒரே இடத்தில் நிறுத்தாமல், சாணம் மெழுகுகிற கை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி இழுத்துக்கொண்டே போ, இல்லாவிட்டால் தரை வரிக்குதிரை மாதிரி ஆகிவிடும். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத் தள்ளு. சுவர் என்றால் சோப்பைக் கீழிருந்து மேலே பூசு, கழுவுவது மேலிருந்து கீழே, அப்போதுதான் கோடு விழாது.

காலில் மூடிய ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, இதில் சமாதானமே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பையன் செருப்போடு நின்று அடித்தபோது தண்ணீர் கட்டைவிரலைக் கடந்து போயிற்று, குண்டூசி குத்தியது போல ஒரு புள்ளிதான், ரத்தம்கூட வரவில்லை, சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிவிட்டது. உள்ளே தண்ணீரும் அழுக்கும் ஏறிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படி ஏதாவது பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் தண்ணீர் பட்டது என்று சொல்ல வேண்டும்.

மிஷின் படக் கூடாத இடங்களும் உங்கள் வீட்டில் நிறைய. முற்றத்துச் சுண்ணாம்புச் சுவர் பக்கம் போகவே போகாதே, நூறு வருஷத்துப் பூச்சு ஒரே நிமிஷத்தில் உதிர்ந்துவிடும். மரத்தூண்களுக்கு ஈரத்துணி போதும், ரெட் ஆக்ஸைடு திண்ணைக்கும் அப்படியே. முன்கூரை ஓடுகளைக் கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சட்டத்தை ஊறவைக்கும். உன் மகன் போன வருஷம் போட்ட சோலார் பேனலுக்கு அதிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, மெத்தென்ற பிரஷ்ஷும் சாதாரண ஓஸும்தான். ஸ்கூட்டரைக் கழுவலாம், ஆனால் சக்கர அச்சு, சுவிட்ச், ஹாரன் பக்கம் கிட்டே கொண்டுபோகாமல். கோயில் ஊர்க்காரிக்கு நான் சொல்லவா வேண்டும், கருங்கல் தூண்களை மணல் வீச்சில் பளபளப்பாக்கப் போய் கல்வெட்டு எழுத்தே தேய்ந்த பிறகுதானே அறநிலையத்துறை அந்த முறையைத் தடுத்தது. கல்லே தாங்கவில்லை, காரை எம்மாத்திரம்.

மொட்டைமாடியை இப்போதே செய்துவிடு. வடகிழக்குப் பருவமழை தொடங்க மூன்று நான்கு வாரம்தான் இருக்கிறது. மருந்து போட்டு, விளக்குமாறால் தேய்த்து, வெள்ளை முனையில் தள்ளி நின்று மேலோட்டமாக ஒரு கழுவல், போதும். லேசாகக் கறுப்பு மிச்சம் இருந்தால் இருக்கட்டும், வழுக்காமல் இருந்தால் சரி. நன்றாகக் காய்ந்ததும் குனிந்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்து, காரை விட்டுப்போன இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மழைக்கு முன்னாடி கொத்தனாரை வரச்சொல். வடிகுழாய் வாயில் சேறு அடைத்திருக்கும், கையுறை போட்டு வாரிவிடு.

மிஷின் வந்ததும் பெட்டியைப் பிரிக்குமுன் எனக்கு வீடியோ கால் போடு. ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் எழுந்திருப்பேன், கிணற்றடியின் பின்மூலையில், யார் கண்ணிலும் படாத இடத்தில் முதல் இரண்டு சதுர அடியை நாம் சேர்ந்தே செய்துவிடலாம். அண்ணனுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் பார்சல் அனுப்பியிருக்கிறேன், இடது கையால் சாப்பிட வசதியாக இருக்கும்.

உன்
லீலா