ஸ்டாஃபர்ட் டெரஸ், 18-ஆம் எண் வீடு

லண்டன்

அன்புள்ள சிவராமன்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் வரையத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் என்னென்ன பார்த்தேன் என்று கேட்டிருந்தாய். கேலிச்சித்திரம் வரையும் உனக்கு, லண்டனின் கென்சிங்டன் பகுதியில், ஸ்டாஃபர்ட் டெரஸ் 18-ஆம் எண்ணில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஒரு வீட்டைப் பற்றித்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது.

கெய்ரோவில் ஒரு காலும் கேப் டவுனில் மறு காலுமாக, தந்திக் கம்பியைக் கையில் பிடித்தபடி ஆங்கிலேயப் பேரரசுவாதி செசில் ரோட்ஸ் ஆப்பிரிக்காவின்மேல் நிற்கும் 1892-ஆம் ஆண்டுப் படம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். அதை 'பஞ்ச்' என்ற லண்டன் நகைச்சுவை வார இதழில் வரைந்த லின்லி சாம்போர்ன், மணமான மறு ஆண்டு, அதாவது 1875-இல், மனைவி மரியனுடன் குடிபுகுந்த வீடு இது. தெருவிலிருந்து பார்த்தால் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளுள் ஒன்று, அவ்வளவுதான். உள்ளே நுழைந்தாலோ, நீலவெள்ளைப் பீங்கான் சாடிகளும் வண்ணக்கண்ணாடிச் சன்னல்களும் சுவரை மறைக்கும் அளவுக்கு நெருக்கமாக மாட்டிய படங்களுமாக, அக்கால நடுத்தரக் குடும்பமொன்று தன் ரசனையை உலகுக்குக் காட்ட எவ்வளவு பாடுபட்டது என்பது கண்கூடாகத் தெரிகிறது.

குளியலறையில் வெகுநேரம் நின்றேன். வாராவாரம் கெடுவுக்குள் படம் கொடுத்தாக வேண்டிய சாம்போர்ன், வேலையாட்களையும் நண்பர்களையும், சில வேளைகளில் தன்னையுமே வேண்டிய கோலத்தில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார்; அந்தப் படங்களை இங்கேதான் கழுவினார். அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ 30,000 என்கிறார்கள். ஒரு கோட்டுக்கு முன்னால் இத்தனை உழைப்பா என்று நீயும் வியப்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரவேற்பறைச் சுவர்களில் முதலில் ஒட்டியிருந்தது, புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் அலங்காரச் சுவர்த்தாள். பின்னாளில் தோல்போலத் தோன்றும் பொன்னிற ஜப்பானியத் தாளை வாங்கியபோது, அதன் விலையை எண்ணி, கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் ஒட்டிவிட்டு, படங்களுக்குப் பின்னே பழைய தாளை அப்படியே விட்டுவிட்டார்களாம். எந்த அரண்மனையும் சொல்லாத செய்தி இது. அரண்மனையில் பணம் தெரியும். இங்கே அந்தக் குடும்பத்தின் மாதக் கணக்கே சுவரில் தெரிகிறது. 1877-இல் எடுத்த பொருட்பட்டியலும், 1881 முதல் மரியன் எழுதிவந்த நாட்குறிப்புகளும் இருப்பதால், எந்தப் பொருள் எங்கே இருந்தது, வீடு எப்படி நடந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

சாம்போர்ன் 1910-இலும் மரியன் 1914-இலும் மறைந்தபின், மணம் செய்துகொள்ளாத மகன் ராய் 1946 வரை பெரிதாக எதையும் மாற்றாமல் அங்கேயே வாழ்ந்தார். பிறகு வீடு அவர் சகோதரி மாட் வழியாக அவருடைய மகள் ஆனுக்கு, அதாவது ராஸ் பிரபுவின் மனைவிக்கு வந்தது. விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அழகற்ற பழஞ்சரக்கு என்று இடித்துத் தள்ளிய காலம் அது. அத்தகைய நாளில், 1957 நவம்பரில், கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் போன்றோரை ஆன் இந்த வீட்டில் கூட்டிப் பேசியதன் பயனாக, அடுத்த ஆண்டே, அக்காலக் கட்டடங்களைக் காக்கும் விக்டோரியன் சொசைட்டி என்ற சங்கம் உருவாயிற்று. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் முகப்பில் நின்ற யூஸ்டன் வளைவை அச்சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அது பிறந்த வீடு தப்பிவிட்டது. 1980-இல் லண்டன் பெருநகர மன்றம் வீட்டை வாங்கியது; 1989 முதல் அது கென்சிங்டன், செல்சி உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கிறது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உட்புறமே ஆனாலும், முன் அனுமதி வேண்டும்.

சட்டம் இடிப்பதைத் தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்குமா? தாளும் துணியும் நீர்வண்ணமும் ஒளி பட்டால் வெளுத்துவிடும் என்பதால் அறைகளை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். ஓவியங்களைக் கூர்ந்து பார்க்க எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. ஆயினும் அதுவே சரி. அண்மையில் அடித்தளச் சமையலறையையும் மேல்மாடியில் பணிப்பெண்ணின் அறையையும் மீட்டமைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அத்தனை பொருள்களையும் நாள்தோறும் துடைத்து வைத்த கைகளுக்கும் அவ்வீட்டில் இடம் வேண்டாமா?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வெளுத்துப்போன பழைய தாளை அப்படியே விடுவதா, அதே வடிவில் புதிதாக அச்சிட்டு ஒட்டுவதா? விடுவதே மேல் என்பது என் எண்ணம். நிறங்களோடு பழகியவன் நீ; உன் கருத்தை விரிவாக எழுது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
ராமநாதன்