டேஸ் ஆஃப் ருயின் ஆடி முடித்த கையோடு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்தது. புது வேலை பிடித்திருக்கிறது என்று நீ எழுதியிருக்கும் விதத்திலேயே இன்னும் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. கொஞ்ச நாள் போகட்டும், சரியாகிவிடும். இங்கே எல்லோரும் நலம். எனக்கு முதுகுவலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம். "டேஸ் ஆஃப் ருயின் நம்ம அட்வான்ஸ் வார்ஸ்தானா, இல்லை பெயரை மட்டும் வைத்து வேறு எதையோ செய்துவிட்டார்களா?" என்று கேட்டிருந்தாய். நம்ம கேம்தான், முறை வைத்துப் படைகளை நகர்த்தும் அதே போர் ஆட்டம். 2008-இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கைக்கருவிக்கு வந்தது, செய்ததும் அதே இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம். ஐரோப்பாவில் டார்க் கான்ஃப்ளிக்ட் என்ற பெயரில் விற்றார்கள். பாத்திரங்களின் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள், தேடும்போது குழம்பாதே.

நாம் ஒரே கருவியைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடினோமே, அந்த 2001 கேமை நினைத்துப் பார். படையை நடத்தும் கமாண்டர்களில் ஓலாஃப் பனியைக் கொட்டவைப்பார். டிரேக் ஓர் அலையைக் கிளப்பி நம் யூனிட், அதாவது படைப்பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு உயிர்ப்புள்ளி குறைத்துவிடுவார். தோற்ற கமாண்டர் முகத்தைச் சுளித்துவிட்டுக் கிளம்புவார், அடுத்த மேப்பில் மறுபடி வந்து நிற்பார். யாரும் செத்ததாகவே தோன்றாது.

இதில் எடுத்த எடுப்பிலேயே விண்கற்கள் விழுந்து மனிதர்களில் 90 சதவீதம் பேர் அழிந்துபோகிறார்கள். தூசி வெயிலை மறைத்துவிடுகிறது. வில் என்ற ராணுவப் பள்ளி மாணவனைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து கேப்டன் பிரென்னர் காப்பாற்றுகிறார். உயிரோடு இருப்பவன் யாராக இருந்தாலும் காப்பாற்று என்பதுதான் அந்த மனிதரின் ஒரே கொள்கை. ஆனால் ரூபினெல், லசூரியா என்ற இரண்டு நாடுகளின் மிச்சமீதிப் படைகள், பத்தில் ஒருவர்தான் மிஞ்சியிருக்கிறார் என்று தெரிந்தும், பழைய பகையை விடாமல் அடித்துக்கொள்கின்றன. உடம்பிலிருந்து பூ முளைக்கும் நோய், பைத்தியக்கார விஞ்ஞானி கால்டர் என்று பிறகு என்னென்னவோ வருகின்றன. கால்டர் எனக்குக் கொஞ்சம் ஓவர். எப்போது பார்த்தாலும் தன் வசதியை மட்டுமே பேசிப் புலம்பும் அந்த மேயர்தான் நிஜமாகப் பயமுறுத்துகிறார். பாதிக்கதையில் ஒருவர் இறக்கிறார். யார் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கதையை விட விதிகளில்தான் அவர்கள் நிஜமாக இருட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. பழைய கேமில் கமாண்டர் எங்கோ பத்திரமாக உட்கார்ந்துகொண்டு மேப் முழுக்க வித்தை காட்டுவார். இதில் அவர் களத்துக்கு வரவேண்டுமானால் ஏதாவது ஒரு யூனிட்டில் ஏறியாகவேண்டும். சுற்றியுள்ள சில கட்டங்களுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அவரால் பலன். பவர் என்கிற அந்தச் சிறப்பு வித்தை தாமதமாகத்தான் வருகிறது, வந்தாலும் ஆட்டத்தைத் தலைகீழாக்குவதில்லை. அதனால் ஒவ்வொரு டர்னும் கமாண்டரை முன்னே கொண்டுபோவதா, பின்னே வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பவர் ஏறும்வரை நேரத்தைக் கடத்தும் உன் பழைய தந்திரம் இங்கே செல்லாது!

இன்னொன்று, எதிரி யூனிட்டை அழித்த யூனிட்டுக்கு லெவல் ஏறும். மூன்றாவது படிக்கு வந்த டேங்கை இழக்க மனசே வராது. வராதா? அங்கேதான் எனக்குச் சிக்கல். நாம் பிடித்த ஒரு நகரம் டர்னுக்கு 1000 பணம் தருகிறது, ஒரு காலாட்படை யூனிட்டின் விலை 1500. எதிரி டேங்க் முன்னால் ஒரு காலாட்படையை நிறுத்தி, அது அடி வாங்கிச் சாகும் நேரத்தில் பின்னாலிருந்து பீரங்கியால் அடிப்பதுதான் இன்னமும் நல்ல கணக்கு. ஒரு மனிதனையும் விட்டுவிடாதே என்று பிரென்னர் பேசி முடித்த மறு நிமிடம் நான் அதைத்தான் செய்கிறேன். கேம் என்னைத் தண்டிப்பதும் இல்லை. யூனிட் நிறைய போனால் கடைசியில் டெக்னிக் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். ஏறின லெவலும் அடுத்த மேப்புக்குக் கூட வராது. இதே ஆட்கள் செய்த இன்னொரு போர் ஆட்டமான பழைய ஃபயர் எம்ப்ளம் கேம்களில் செத்த வீரன் செத்தவன்தான். அந்தத் துணிவை இங்கேயும் காட்டியிருக்கலாம். தைரியம் பாதியில் நின்றுவிட்டது என்றே தோன்றுகிறது.

அப்புறம், ஜப்பானில் அறிவித்திருந்தும் இது கடைகளுக்கு வரவேயில்லை. 2013-இல்தான் கிளப் நின்டெண்டோ உறுப்பினர்களுக்கு டவுன்லோடாகக் கொடுத்தார்கள். அட்வான்ஸ் வார்ஸின் முதல் இரண்டு கேம்களையும் புதுப்பித்த ரீபூட் கேம்ப் 2022 ஏப்ரலில் வரவேண்டியது. உக்ரைன் போர் தொடங்கியதும் உலக நிகழ்வுகளைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள், கடைசியில் 2023 ஏப்ரலில்தான் வந்தது. பொம்மை மாதிரி இருக்கும் அந்த டேங்குகளுக்கே இந்த நிலைமை. டேஸ் ஆஃப் ருயினை இப்படிப் புதுப்பிக்க அவர்களுக்கு எப்போது மனசு வருமோ!

டிஎஸ் ஆன்லைன் சேவையை 2014-லேயே மூடிவிட்டார்கள், அதனால் இதில் நாம் இருவரும் மோத வழியில்லை. ஆனால் பிரவுசரிலேயே ஆடும் அட்வான்ஸ் வார்ஸ் பை வெப் இருக்கிறது. ரசிகர்கள் செய்தது, பழைய கமாண்டர்கள்தான் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு டர்ன் போட்டால்கூடப் போதும். நீ சம்மதித்தால் இந்த வாரமே ஒரு மேப் திறக்கிறேன். டிரேக்கை மட்டும் எடுக்காதே, அவர் எனக்கு.

அன்புடன்,
கதிர்