நீயும் வரலாமா என்று கேட்டாய்

என் அன்புப் பிள்ளையே, மக்களே,

பி.எஸ்சி. நர்சிங் முடித்த கையோடு நீயும் ஜெர்மனிக்கு வந்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் நின்றுபோகும். பாட்டி போனை வாங்கிக்கொள்வாள், இல்லையென்றால் எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னோடு படிக்கிற பிள்ளைகள் காட்டும் ரீல்ஸில் பனியும் ரயிலும் கிறிஸ்துமஸ் சந்தையும் இருக்கும். வேலை இருக்காது. ஆகவே நான் வேலையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் 6 மணிக்குத் தொடங்கும். இரவு ஷிப்ட் நர்ஸ் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்ததும் நமக்கென்று ஒதுக்கிய அறைகளுக்குப் போக வேண்டும். கதவைத் தட்டாமல் உள்ளே நுழையக் கூடாது. அது அவர்களுடைய வீடு. வணக்கம் சொல்லி, திரையை விலக்கி, வெந்நீர் எடுத்துவைத்துக்கொண்டு உடம்பு துடைத்துவிடத் தொடங்குவோம். முகத்துக்கு வெறும் தண்ணீர், சோப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மேலுக்கு ஒரு துணி, கீழுக்கு வேறு துணி. மார்புக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் கால் விரல்களுக்கு நடுவிலும் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். கால் வீங்குகிறவர்களுக்கு அழுத்தக் காலுறையைக் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். எழும்பி நடந்துவிட்டால் நீர் இறங்கிவிடும். தன் கையால் முகம் கழுவ முடிகிறவரிடம் துணியைக் கொடுத்துவிட்டு நாம் காத்து நிற்க வேண்டும். நாம் செய்தால் ஒரு நிமிடத்தில் முடியும், அவர் செய்தால் பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு நாமே செய்துகொண்டிருந்தால் அந்தக் கை கொஞ்ச நாளில் எழும்பாமலே போய்விடும்.

நம்மூர் ஆஸ்பத்திரியில் ஊசி, டிரிப், மருந்து, சார்ட் இதெல்லாம் நர்ஸ் பார்ப்பாள். துடைத்துவிடுவதும் ஊட்டுவதும் கூட நிற்கிற பைஸ்டாண்டரின் வேலை, இல்லையென்றால் ஆயாவின் வேலை. இங்கே பைஸ்டாண்டர் என்ற ஆளே கிடையாது. ரத்தம் எடுப்பதைப் பெரும்பாலும் டாக்டரே செய்துவிடுகிறார். அதனால் நம்ம பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் பலரும் முதல் சில மாதம் அழுகிறார்கள். "இதுக்கா நாலு வருஷம் படிச்சோம்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்த அழுகையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதுதான் நர்சிங் என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. துடைக்கும்போதுதான் முதுகின் அடியில் ஒரு சிவப்பு கண்ணில் படும். விரலால் அழுத்திப் பார்த்தால் வெளுத்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாடத்தில் நீயும் படித்திருப்பாய். தினமும் அந்த உடம்பைத் தொடுகிறவளுக்குத்தான் அது முதலில் தெரியும்.

இன்னொன்று என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. ஒருவர் "இன்றைக்குக் குளிக்க மாட்டேன்" என்றால் விட்டுவிட வேண்டும். கட்டாயப்படுத்தக் கூடாது, மறுத்தார் என்று எழுதிவைக்க வேண்டும். இரவில் விழுந்துவிடுவாரோ என்று பயந்து கட்டிலின் பக்கக் கம்பியை நம் இஷ்டத்துக்கு ஏற்றிவிட முடியாது. அவர் சம்மதிக்க வேண்டும், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஒரு மனிதரைக் கட்டிலில் அடைப்பது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது என்று சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். நம் வார்டுகளில் கையைத் துணியால் கட்டிவைத்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இதை நீ இப்போதே உன் மனசில் ஏற்றிக்கொள்.

பெற்றவர்களை இல்லத்தில் தள்ளிவிட்டுப் போகிற ஊர் அது என்று நம்ம வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். நேரில் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இல்லத்தில் இருப்பது லேசான செலவில்லை. பராமரிப்புக் காப்பீடு ஒரு பங்கைக் கொடுத்தபிறகும், இல்லத்தில் சேர்ந்த முதல் வருடத்தில் சராசரியாக மாதம் 3,000 யூரோவுக்கு மேல் அங்கே இருப்பவர்களே கட்ட வேண்டியிருக்கிறது. சேமிப்பு கரைந்துபோனால் அரசின் சமூக நல அலுவலகம் கட்டும். பிள்ளையின் வருமானம் ஆண்டுக்கு 1,00,000 யூரோவைத் தாண்டினால்தான் பிள்ளையிடம் கேட்பார்கள், 2020 முதல் அப்படிச் சட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன், மகள், பேரப்பிள்ளைகள் என்று கேக்கோடு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். யாருமே வராதவர்களும் இருக்கிறார்கள். அந்த அறைகளில் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பேன்.

ஒரு பாட்டி சாப்பாட்டு மேஜையிலிருந்து ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றி அலமாரிக்குள் ஒளித்துவைப்பார். சின்ன வயதில் இரண்டாம் உலகப் போரையும் அதற்குப் பின்னால் வந்த பட்டினியையும் கண்டவர். நாங்கள் திட்டுவதில்லை, பழையது கெட்டுப்போகும் முன் எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு துண்டு வைத்துவிடுவோம். இங்கே ஸ்டுட்கார்ட் நகரத்தின் மேற்கே பிர்கன்கோஃப் என்று ஒரு குன்று இருக்கிறது. குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் 1950-களில் அதன்மேல் கொண்டுபோய்க் கொட்டியதில் குன்று 40 மீட்டர் உயர்ந்துவிட்டதாம். இப்போது உயரம் 511 மீட்டர். உச்சியில் பழைய வீட்டு முகப்புகளின் செதுக்கிய கற்கள் அப்படியே கிடக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அந்தப் பாட்டியின் அலமாரியைத் திறந்தபோது என் கை தயங்கியது.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வில் தேறிவிட்டோம் என்ற தைரியத்தோடு வருவோம். இங்குள்ள முதியவர்கள் பேசுவது ஸ்வாபியப் பேச்சு, இந்தப் பக்கத்து வட்டார வழக்கு. சென்னையில் புத்தகம் வைத்துத் தமிழ் கற்ற வெள்ளைக்காரரை விளவங்கோட்டுச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது எனக்கு. வலிக்கிறது என்று சொல்வதே புரியாவிட்டால் நர்ஸாக இருந்து என்ன பயன்? தேர்வுக்காக மட்டும் படிக்காதே. இரவு படுக்கும் முன் ஜெர்மன் வானொலி கேள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள், பழகிவிடும். எல்லாமே தபாலில் வரும். வங்கி, காப்பீடு, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம், எல்லாம் காகிதத்தில்தான். தபால் பெட்டியில் உன் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. திடீரென்று பரிசோதகர் ஏறுவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். ஞாயிறு கடைகள் அடைத்திருக்கும், துளை போடுகிற மெஷின் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற தண்ணீர் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் கிடைக்கும். குளிர்காலத்திலும் ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும், இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். மாடிப்படி கூட்டுகிற முறை வாரம் ஒரு வீடாக மாறி வரும். நம் முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். எதிர்வீட்டு அம்மாவோடு எனக்குப் பேச்சு தொடங்கியதே அந்தப் படிக்கட்டில்தான்.

சம்பளச் சீட்டைப் பார்த்து அப்பா திகைத்துப் போனார் அல்லவா? உனக்கும் சொல்லிவைக்கிறேன். ஓய்வூதியத்துக்கு மட்டும் 9.3 சதவீதம் போகும், அதே அளவை நிறுவனமும் கட்டும். மருத்துவம், வேலையின்மை, பராமரிப்பு என்று தனித்தனிக் காப்பீடு, அதற்குமேல் வருமான வரி. பதிவு அலுவலகத்தில் கத்தோலிக்கர் என்று நான் சொன்னதால் திருச்சபை வரியும் உண்டு, இந்த மாநிலத்தில் அது வருமான வரியில் 8 சதவீதம். மறைக்க எனக்கு மனமில்லை. பூசைக்குப் போனால் பாதி பெஞ்சுகள் காலி, வந்திருப்பவர்களில் பாதிப்பேர் என் இல்லத்துக்காரர்கள் வயது. 1960-களில் கேரளத்திலிருந்து இளம்பெண்களை நர்ஸ் வேலைக்குத் திருச்சபை வழியாகத்தான் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மொழி தெரியாமல், போன் இல்லாமல், கடிதம் ஒன்றையே நம்பி அந்தப் பிள்ளைகள் எப்படி இருந்தார்களோ என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

குளிரைவிட இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் எட்டு மணிக்கு விடியும், நாலரைக்கு அடைந்துவிடும். காலை ஷிப்டில் இருட்டில் போய், இரவு ஷிப்டில் இருட்டில் வந்து, வெயிலே படாமல் வாரங்கள் போகும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அன்று இரவு ஷிப்டில் இருப்பவளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. அந்த நாட்களில் இலங்கைத் தமிழர் கடைக்குப் போவேன். உறையவைத்த மரச்சீனிக்கிழங்கும் மத்தி மீனும் கிடைக்கும். கடைக்காரர் போர்க்காலத்தில் வந்து சேர்ந்தவர், என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே பஸ் ஏறிப் போகலாம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வரலாம் மக்களே. ஆனால் படிப்பு முடிந்த உடனே வேண்டாம். குறைந்தது இரண்டு வருடம் நம்மூரில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார். ஊசி, டிரிப், அவசரப் பிரிவு எல்லாம் கையில் பழகியிருக்க வேண்டும், இங்கே வந்தால் அந்தக் கைப்பழக்கம் குறைந்துபோகும். தகுதி அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் வேலையும் அந்தச் சம்பளமும்தான், பயிற்சி வகுப்பையோ தேர்வையோ முடித்தால்தான் நர்ஸ். அதைப் பொறுத்துக்கொள்ளும் மனசு வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜெண்டிடம் அப்பாவை அனுப்பாதே. முறையாக ஆள் எடுப்பவர்கள் மொழி வகுப்புச் செலவையும் விமானச் செலவையும் தாங்களே ஏற்பார்கள். மதிப்பெண் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் உன் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார். பிறப்புச் சான்றிதழில் பாட்டி வைத்த பெயர் இருக்கிறது, அதை இப்போதே திருத்த மனு கொடு.

இன்னொரு வேலையும் சொல்கிறேன். அடுத்த வார்டு டியூட்டியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு நோயாளியை, ஆயாவைக் கூப்பிடாமல், தலையிலிருந்து கால் வரைக்கும் நீயே துடைத்துவிட்டுப் பார். உனக்கு எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. வரும் சனிக்கிழமை எனக்கு லீவு, மதியத்துக்கு மேல் கூப்பிடு, பேசுவோம்.

அன்புடன்,
அம்மா